நெதர்லாந்துக் கால்பந்து வீரர் ஃபிராங்க் ரைகார்ட் நடுக்கள ஆட்டக்காரராகப் பெரியவரா, பயிற்சியாளராகவா?

என் பதில்: ஆட்டக்காரராகத்தான். ஒரே மைதானத்தைச் சொன்னாலே போதும். 1990 ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டி) இறுதி, வியன்னா. இத்தாலியக் கிளப்பான மிலனுக்காக, போர்ச்சுகலின் பென்ஃபிகா அணியின் தற்காப்பைப் பிளந்துகொண்டு ஓடி, ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் ரைகார்ட். 1995இல் அதே போட்டியின் இறுதி, அதே மைதானம், ஆனால் இப்போது நெதர்லாந்துக் கிளப்பான அயாக்ஸின் சட்டை, எதிரணி மிலன். 85ஆவது நிமிடத்தில் அவர் தட்டிக்கொடுத்த பந்தைத்தான் 18 வயது க்ளைவர்ட் வலைக்குள் தள்ளினார். அத்தோடு ஓய்வு. இப்படி ஒரு விடைபெறல் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

பயிற்சியாளர் வாழ்க்கை மேடும் பள்ளமும். 2000 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அரையிறுதியில் அவர் பயிற்சியளித்த நெதர்லாந்து பெனால்டியில் இத்தாலியிடம் தோற்றதும் பதவி விலகினார். அப்புறம் ஸ்பார்ட்டா ராட்டர்டாம் என்ற நெதர்லாந்துக் கிளப் அவர் காலத்தில்தான் முதல்முறையாக மேல்மட்ட லீகிலிருந்து இறங்கியது. சரி, இவரை பார்சிலோனா ஏன் எடுத்தது என்று பலர் வியந்தார்கள். அவரோ 2005, 2006 லா லிகா (ஸ்பெயின் லீக்) பட்டங்களையும் 2006 சாம்பியன்ஸ் லீகையும் வென்று தந்தார். 2004 அக்டோபரில் 17 வயது மெஸ்ஸியை முதல்முறையாக லீக் ஆட்டத்தில் இறக்கியவரும் அவர்தான். பின்னர் துருக்கிக் கிளப் கலாட்டசரே, சவூதி தேசிய அணி என இரண்டு வேலைகள். 2013க்குப் பிறகு பயிற்சிப் பக்கம் அவர் திரும்பவில்லை.