அலாரம் கேட்காத தம்பிக்கு: முதலில் காற்றாடியை நிறுத்துங்கள்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 24, பாலம் தாண்டிப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, காலை 7 முதல் இரவு 7 வரை ஷிஃப்ட். கம்பெனி பஸ் 5.30க்கு எஸ்டேட் முச்சந்திக்கு வரும், யாருக்காகவும் நிற்காது. கைப்பேசியில் மூன்று அலாரம் வைக்கிறார், மூன்றையும் யார் அணைத்தார்கள் என்றே தெரியவில்லையாம். இதுவரை அம்மாதான் சமையலறையிலிருந்து கத்திக் கத்தி எழுப்பிவிட்டார். இப்போது அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக அம்மா கிள்ளானுக்குப் போகிறார், இரண்டு மாதம் வரமாட்டார். "ஆன்லைனில் ஓடுகிற கடிகாரம், அதிர்கிற கடிகாரம் என்று என்னென்னவோ விற்கிறார்கள், எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்.

அணைத்தது நீங்கள்தான் தம்பி. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து கலைந்ததும் முதல் 15 முதல் 30 நிமிடம் மூளை பாதிதான் விழித்திருக்கும். கை நீளும், பொத்தானை அமுக்கும், ஆனால் அது நினைவில் பதியாது. ஆக, சத்தம் உங்களுக்குக் கேட்கிறது, கேட்டபிறகு எழுந்து நிற்க வைக்கத்தான் ஒன்றும் இல்லை. இன்னும் சத்தமாக ஒரு கடிகாரம் வாங்கினால் அதையும் இதே மாதிரி அணைப்பீர்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு, வெளிநாட்டுக்காரர் எழுதும் ஆலோசனைகளில் இது வராது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரத்தைக் கிழக்கே இருக்கிற சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்க அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால் இங்கே சூரியன் உதிக்கவே ஏறக்குறைய 7 மணியிலிருந்து 7.30 ஆகிவிடும், நீங்கள் எழ வேண்டிய 4.45 உடம்பைப் பொறுத்தவரை நடு ராத்திரி. சூராவில் (சின்னப் பள்ளிவாசலில்) விடியற்காலைத் தொழுகைக்கான சுபுஹ் பாங்கு சொல்லவே ஆறு மணி வாக்கில் ஆகும், அதை நம்பிப் படுத்திருந்தால் பஸ் பாலம் ஏறியிருக்கும். (ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தா பாட்டியெல்லாம் இருட்டிலேயே எழுந்து பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்குப் போகவில்லையா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். போனார்கள், குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் வேறு வழியில்லை. ஆனால் அவர்கள் இரவு எட்டு ஒன்பதுக்கே படுத்தார்கள், விடியுமுன் லயம் என்கிற அந்த வரிசை வீடுகளே மொத்தமாக எழுந்துகொண்டன. பக்கத்து வீட்டில் பாத்திரம் உருள்வதும் அடுப்பு மூட்டுவதும் பலகைச் சுவரைத் தாண்டிக் கேட்கும்போது யார்தான் தூங்குவது?)

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஹார்ட்வேர் கடையில் டைமர் பிளக் என்று கேளுங்கள். சுற்றிலும் கால் மணிக்கு ஒரு பல் வைத்த வட்டம் இருக்கும், சுவர் பிளக்கில் சொருகி அதன்மேல் சாதனத்தைச் சொருக வேண்டும், விலையும் கையைக் கடிக்காது. இரண்டு வாங்குங்கள். ஒன்றில் நீங்கள் தூங்கும்போது ஓடுகிற ஸ்டாண்ட் காற்றாடி, 4.30க்கு அணைகிற மாதிரி. இன்னொன்றில் நல்ல வெள்ளை வெளிச்சம் தரும் மேசை விளக்கு, அதே 4.30க்கு எரிகிற மாதிரி, முகத்துக்கு நேராக. நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றாடி நின்று கால் மணி நேரத்தில் கழுத்து வேர்க்கத் தொடங்கும், கொசுவும் தன் பங்குக்கு வரும், கண் இமைக்குள் வெளிச்சம் போகும். அலாரம் அடிக்குமுன்பே தூக்கம் மேலோட்டமாகியிருக்கும். நான் சொல்லி அனுப்பியவர்களில் பலருக்கு விலை உயர்ந்த கடிகாரத்தைவிட இதுதான் பிடித்தது. ஏர்கோன் அறையென்றால் இந்தச் சின்ன டைமரில் ஏர்கோனை மாட்டாதீர்கள், அதன் ரிமோட்டிலேயே டைமர் இருக்கிறது. சாயங்காலம் இடிமழையில் கரண்ட் போய் வந்தால் இந்த வட்டமும் அத்தனை நேரம் நின்றிருக்கும், படுக்குமுன் ஒரு தடவை சரிபாருங்கள்.

அப்புறம் அந்த ஓடுகிற கடிகாரம். அது கிளாக்கி, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்த கௌரி நந்தா செய்தது, 2005ல் வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசும் வாங்கியது. இரண்டு பக்கமும் சக்கரம், அடித்ததும் மேசையிலிருந்து குதித்து அறைக்குள் கண்டபடி ஓடும், துரத்திப் பிடித்தால்தான் வாயை மூடும். யோசனை நல்லதுதான். ஆனால் தரையில் மெத்தை, மூலையில் துணிக்கூடை, அலமாரிக்கடியில் பழைய பேப்பர் என்று இருக்கிற அறையில் அது எதிலாவது சிக்கி நின்றுவிடும், நீங்கள் காலால் உதைத்துவிட்டுத் தூங்குவீர்கள். மேலே ஏறி நின்றால் மட்டும் அடங்குகிற மிதியடி அலாரம் இதைவிடப் பரவாயில்லை, குளியலறை வாசலில் போட்டுவிட்டால் போதும். (ஜப்பானில் வசாபி வாசனையைத் தெளித்து எழுப்புகிற தீ எச்சரிக்கைக் கருவி செய்து 2011ல் அதற்கும் ஓர் இக் நோபல் வாங்கினார்கள், காது கேளாதவர்களுக்கு உதவுமென்று. நமக்கு வேண்டாம்.)

காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் மெத்தைக்கடியில் வைக்கிற அதிர்வுத் தட்டு உள்ள கடிகாரத்தை வாங்குங்கள். காது கேளாதவர்களுக்காக வந்தது, ஒலியை அணைத்துவிட்டு அதிர்வை மட்டும் வைத்துக்கொண்டால் வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். அணைக்கும் பொத்தான் மட்டும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

சத்தத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. கீச்சென்று அடிப்பதுதான் எழுப்பும் என்று நினைக்கிறோம். தூங்குபவர்களை வைத்துத் தீ எச்சரிக்கை மணிகளைச் சோதித்தபோது, வழக்கமான 3,000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் கட்டையொலிதான் பிள்ளைகளையும் காது மந்தமானவர்களையும் நன்றாக எழுப்பியது. ஆகவே ஹார்ன் மாதிரி கட்டையான ஒலியைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அது மெலிந்துதான் வரும், எவர்சில்வர் சட்டிக்குள் வைத்தால் கொஞ்சம் கூடும், பழைய ரேடியோவில் இணைத்தால் இன்னும் நல்லது.

காசே செலவழிக்காமல் என்றால் அலார்மி மாதிரி செயலிகள். பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் நிற்கும்படி வைக்கலாம். சமையலறை மைலோ டின்னின் பார்கோடைப் பதிந்துவிடுங்கள், டின்னைப் படுக்கையறைக்குக் கொண்டுவராதீர்கள். கணக்குப் போடச் சொல்வது, கைப்பேசியை உலுக்கச் சொல்வது எல்லாம் படுத்துக்கொண்டே முடிந்துவிடும், ஏமாறாதீர்கள். ஆண்ட்ராய்டு என்றால் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி சேமிப்பை அணைத்துவையுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியில் போனே அதை மூடிவிடும். அலாரம் அடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களில் சிலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

பஸ்ஸில் உங்களுக்கு முந்தின நிறுத்தத்தில் ஏறுகிற நண்பரிடம் 5 மணிக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். இங்கிலாந்துத் தொழிற்சாலை ஊர்களில் நீளக் கழியால் ஜன்னலைத் தட்டி எழுப்பக் கூலிக்கு ஆள் இருந்தார்கள், நமக்கு வாரம் ஒரு தே தாரிக் டீயில் வேலை முடியும். அம்மா கிளம்புமுன் நாலு நாள் ஒத்திகை பாருங்கள். 5.05 வரை அம்மா வாயே திறக்கக் கூடாது, அதுதான் அவருக்குக் கஷ்டம்.

இப்போது நீங்கள் எழுதாமல் விட்ட விஷயம். ஏழுக்கு வேலை முடிந்து வீடு சேர எட்டரை, குளித்துச் சாப்பிட்டுக் கைப்பேசி பார்த்துப் படுக்க 12.30 என்றால் கிடைப்பது நாலே கால் மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். வேலை நாளில் 9.30க்குப் படுத்துவிடுங்கள், லீவு நாளில் மத்தியானம் வரை தூங்காதீர்கள், அதுதான் அடுத்த வேலை நாளைக் கெடுக்கிறது. சாயங்காலக் காப்பியையும் விடுங்கள், குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறக்குறையப் பாதிக் கஃபீன் உடம்பில் இருக்கும். சளிக்குக் குளோர்பெனிரமின் மாத்திரை போட்டிருந்தால் மறுநாள் காலை மந்தம் அதனாலும் இருக்கலாம்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து, 7 மணி நேரம் தூங்கியும் எழ முடியவில்லை, பகலில் லைனில் நிற்கும்போதே கண் சொருகுகிறது, குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறுகிறீர்கள் என்று அம்மா சொல்கிறார், அப்படியென்றால் கடிகாரம் வாங்காமல் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், கட்டணம் 1 ரிங்கிட்தான். தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். அது தெரியும்வரை தூக்கக் கலக்கத்தோடு மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள்.