கணைய அழற்சி: வார்டிலிருந்து வந்த பிறகு கேட்பவை

அப்பாவின் அமிலேஸ் மூன்றே நாளில் நன்றாக இறங்கிவிட்டது. இனிப் பயமில்லைதானே டொக்டர்? (வாசகி, களுவாஞ்சிகுடி)

அமிலேஸ் கணையம் சுரக்கும் ஒரு நொதி. இரத்தத்தில் அதன் அளவு நோயைக் கண்டுபிடிக்க உதவும். கடுமையை அளக்க உதவாது. சில நாட்களில் அது தானாகவே இறங்கும். அப்பாவுக்கு மூச்சு இளைக்கிறதா, சிறுநீர் குறைந்துவிட்டதா என்று பாருங்கள். நுரையீரலோ சிறுநீரகமோ இரத்த ஓட்டமோ பழுதாகி 48 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால்தான் கடுமையான வகை என்கிறோம். பெரும்பாலானோருக்கு அந்த நிலை வருவதில்லை.

தம்பிக்கு வருத்தம் வந்து ஆறு கிழமை. ஸ்கேனில் எட்டு சென்ரிமீற்றர் கட்டியாம். ஒபரேசன் வேணுமா? (அக்கரைப்பற்று)

'கட்டி' என்றதும் வீடே புற்றுநோய் என்று கலங்கியிருக்கும். இது அதுவல்ல. கணையத்திலிருந்து கசிந்த சாறு தேங்கி, அதைச் சுற்றிச் சுவர் பிடித்திருக்கிறது. சுவர் முற்ற நாலு கிழமையளவு எடுக்கும். அளவை மட்டும் வைத்து யாரும் கை வைப்பதில்லை. பல தானாகவே வற்றிவிடும். நோ தொடர்ந்தால், சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வந்தால், கண் மஞ்சளானால், பெரும்பாலும் எண்டொஸ்கோப்பி (வாய் வழியாக விடும் கமெராக் குழாய்) வழியாக இரைப்பைக்குள் வடிய விடுவார்கள்.

உள்ளே இருப்பது வெறும் நீரா, செத்த கணையத் திசுவா என்று கட்டாயம் கேளுங்கள். செத்த திசுவில் கிருமி தொற்றினால்தான் உண்மையான ஆபத்து. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்காமல் அன்றைக்கே வார்டுக்குப் போங்கள். இரத்தமாகச் சத்தி எடுத்தால், மலம் தார் போலக் கறுத்தால், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

சாராயத்தை விட்டிட்டன். பியர்? (வாழைச்சேனை)

அதுவும் கூடாது.

எனக்குப் பித்தப்பைக் கல்லால் வந்தது. நோ போயிட்டுது. வெள்ளாமை வெட்டு முடிய ஒபரேசன் செய்யலாமா? (திருக்கோவில்)

வெட்டு முடியும்வரை கல் காத்திருக்காது. அடுத்த முறை இலேசாக வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. இலேசான வகையென்றால் வீட்டுக்கு விடுமுன்பே பித்தப்பையை எடுப்பதுதான் சிறந்தது. வயிற்றில் நீர் தேங்கியிருந்தால் அது அடங்கும்வரை சத்திரசிகிச்சை நிபுணரே பிந்திப்போடுவார். அந்தத் தாமதம் வேறு.

அம்மாவுக்குப் புதிதாகச் சீனி வருத்தம். இதனாலா? (ஏறாவூர்)

இருக்கலாம். இன்சுலின் சுரப்பதும் கணையம்தான். மாதங்கள் கழித்தும் சீனி ஏறும். மெலிந்துகொண்டு போய், மலமும் எண்ணெய்ப் பசையாக மிதந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். கணைய நொதி மாத்திரை தருவார்கள். அதை வெறும் வயிற்றில் விழுங்காமல் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கவேண்டும்.