கேரியர்ல பேட்டரி வெச்சதுலேருந்து ஹேண்டில் ஆடுது (பழைய 28 இஞ்ச் சைக்கிள், கிருஷ்ணகிரி)

பழைய சைக்கிள்ல பின் சக்கரத்துல மோட்டாரும் கேரியர்ல பேட்டரியும் வெச்சதுலேருந்து அணை ரோட்டு இறக்கத்துல ஹேண்டில் ஆடுது, வண்டியோட பழைய தோற்றமும் கெடக்கூடாதுன்னு கேட்டிருந்தீங்க. பேட்டரியைக் கேரியர்லேருந்து இறக்கி நடு முக்கோணத்துல, பெடல் அச்சுக்கு மேல தாழ்வா கட்டுங்க. காக்கி கேன்வாஸ்ல ஒரு பை தைச்சு அதுக்குள்ள வெச்சா, நீங்க கேட்ட அந்தப் பழைய தோற்றமும் கெடாது. கறுப்பு பெயிண்ட், தங்கக் கோடு எதையும் தொடாதீங்க, அதுதான் அந்த வண்டிக்கே அழகு.

ஆட்டத்துக்குக் காரணம் அநேகமா எடைதான். மோட்டார் பின் சக்கரத்துல, பேட்டரியும் அதுக்கு மேல உயரத்துல. முன்பக்கம் லேசாகி, நீங்க சொன்ன அணை ரோட்டு இறக்கத்துல நடுங்குது.

பேட்டரியைக் கழற்றிட்டு அதே இறக்கத்துல மெதுவா விட்டுப் பாருங்க. அப்பவும் ஆடினா, முன் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை முன்னும் பின்னும் அசைங்க. ஹேண்டில் கழுத்துல டக் டக்னு வந்தா பால்ரஸ் கப் (ஹேண்டில் திரும்ப உள்ளே குண்டுகள் உருளுற கிண்ணம்) தேஞ்சிருக்கு இல்லன்னா லூசா இருக்கு.

கம்பி பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. ஸ்டீல் ரிம் மழையில பிடிக்காது. முன்னாடி டிரம் பிரேக், லிவர்ல மோட்டார் கட்-ஆஃப் (பிரேக் பிடிச்சதும் மோட்டாரை நிறுத்துற சுவிட்ச்) ரெண்டும் கட்டாயம் போடுங்க. மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவா இருக்கணும். தாண்டினா பதிவு, லைசென்ஸ் எல்லாம் வந்துடும்.