பல் டாக்டரிடம் குழந்தை அடம்பிடித்தால் கை காலைப் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கலாமா?

கன்னம் வீங்கி, காய்ச்சலும் வலியுமாகத் துடிக்கிற குழந்தை என்றால் நான் சம்மதிப்பேன். சொத்தையை அடைக்க மட்டும்தான் என்றால் மாட்டேன்.

கோபிப் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது. முதலில் போன கிளினிக்கில் அவன் வாயைத் திறக்கவில்லை என்றதும், "நீங்க வெளிய இருங்க, ரெண்டு பேர் புடிச்சுக்குவாங்க" என்றார்கள். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மாமியாருக்குக் கோபம். "உளுகற பல்லுக்கு இத்தன யோசனையா அம்மிணி? செத்த நேரம் புடிச்சா முடிஞ்சுது!" விழுகிற பல்தான், ஆனால் பால் கடைவாய்ப்பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. அதுவரை இந்தப் பயலை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டியது நான்தானே.

அப்புறம் ஈரோட்டில் குழந்தைகளுக்கென்றே இருக்கும் பல் டாக்டரிடம் போனோம். அன்றைக்குப் பல்லை எண்ணியதோடு சரி. காற்றடிக்கும் குழாயை அவன் நகத்தில் அடித்துக் காட்டினார். அடுத்த முறை ஈறில் ஜெல் தடவி மரத்தபின் ஊசி. அழுதான்தான். ஆனால் "கையைத் தூக்குனா நிறுத்தீருவேன்" என்று சொல்லியிருந்தார், தூக்கியபோதெல்லாம் நிறுத்தினார். அந்த ஒன்றுக்காகவே உட்கார்ந்திருந்தான் என்று நினைக்கிறேன். முதலில் சொல்லி, காட்டி, பிறகு செய்கிற இந்த முறையை மறுக்கிற பெற்றோரை நான் பார்த்ததில்லை.

மூக்கு வழியாக இழுக்க வைத்துப் பயத்தைக் குறைக்கிற சிரிப்பு வாயுவும் உண்டு. குழந்தை விழித்தபடியே இருக்கும். ஆனால் மூக்கில் மாஸ்க்கை வைக்கவே விடாத பிள்ளைக்கு அதனால் பெரிய பயனில்லை. முழு மயக்கம் என்றால் எல்லோருக்கும் பயம். என்னைக் கேட்டால், மூன்று வயதுப் பிள்ளைக்கு வாய் முழுக்கச் சொத்தை என்றால், ஒவ்வொரு தடவையும் அமுக்கிப் பிடிப்பதைவிட, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் முடிப்பது மேல். கத்துகிற குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்குகிற பழைய முறையை அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமியே 2006-ல் தன் வழிகாட்டுதலிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே யாராவது செய்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

"சேட்டை பண்ணுனா பல் டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போட்டுருவேன்" என்று வீட்டில் மிரட்டுவதை முதலில் நிறுத்துங்கள். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம்.

பிடித்தே ஆக வேண்டும் என்றால் யார் பிடிப்பார்கள், எவ்வளவு நேரம், நான் பக்கத்தில் இருக்கலாமா, போதும் என்றால் நிறுத்துவீர்களா என்று நாற்காலியில் உட்கார வைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.