ரோமில் ஒரே நாள்: நடந்தே பார்த்துவிடலாம், தம்பி

பாளையங்கோட்டையிலிருந்து கல்லூரிக் குழுவோடு போகிறீர்கள், ரோமில் ஒரே ஒரு நாள்தான், கொலோசியத்திலிருந்து வத்திக்கான் வரை நடக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். சுமார் 4 கிலோமீட்டர்தான். பாளையிலிருந்து சுலோச்சன முதலியார் பாலம் கடந்து நெல்லையப்பர் கோயிலுக்கு நடப்பதைவிட அதிகமில்லை. புதுச் செருப்போடு மட்டும் போய்விடாதீர்கள். அங்கே பல தெருக்களில் எரிமலைக் கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். மேடுபள்ளத்தில் பாதம் கன்றிவிடும். ஷூவைப் போட்டு இப்போதிருந்தே ரத வீதிகளைச் சுற்றி வாருங்கள்.

வழியில் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலைத் தவறவிடாதீர்கள். சுமார் 1,900 ஆண்டுகள் பழைய கட்டடம், 43 மீட்டர் அகலக் குவிமாடம், கம்பி சேர்க்காத காங்கிரீட்! உச்சியில் திறந்த வட்டம். மழை நேரே உள்ளே விழும், தரையிலுள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். அண்ணாந்து பார்த்தபடி அரை மணி நேரமாவது நில்லுங்கள். அதற்காக வேறு எதை விட்டாலும் சரிதான்.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருக்குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும், காலி பாட்டில் ஒன்று கையில் இருந்தால் போதும். வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்துக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். தோழர்களிடமும் சொல்லிவையுங்கள்.