வள்ளுவர் காசும் லட்ச ரூபாய் வலையும்

கேள்வி: 1995-இல் வந்த திருவள்ளுவர் ஐந்து ரூபாய் நாணயம் இரண்டு வைத்திருக்கிறேன். அதன் மதிப்பு பல லட்சம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஒருவர், ‘ரிசர்வ் வங்கி கட்டணம்’ என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (விருதுநகர் வாசகி)

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். பழைய காசு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ கேட்டால் நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே அறிக்கை விட்டுவிட்டது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

மதிப்பு என்கிறீர்களே, எந்த மதிப்பு? சட்டப்படி அது ஐந்து ரூபாய். எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சையில் நடந்தபோது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என மூன்று வகையில் வள்ளுவர் காசு வந்தது. மூன்றும் கடைத்தெருவில் புழங்கவே அடிக்கப்பட்டவை. புழக்கத்துக்கு வந்த காசு எளிதில் அபூர்வப் பொருளாகிவிடாது. ஐந்து ரூபாய்க் காசின் எடை 9 கிராம். முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். இந்த உலோகங்களின் விலை ஏறியபோது காசுக்குள் இருந்த சரக்கே ஐந்து ரூபாயைத் தாண்டியது. உருக்கி விற்கும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. காசை உருக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை. 2007-இல் ஐந்து ரூபாய் 6 கிராம் துருப்பிடிக்காத எஃகாக இளைத்தது.

சேகரிப்பாளர் தரும் விலை, காசு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உருவத்தின் மேடான இடங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே தட்டையாகத் தேய்ந்திருந்தால் அது சாதாரணக் காசு. ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. எந்த ஆலையில் அடித்தது என்பதற்கு மேல் அந்தக் குறிக்குப் பொருள் இல்லை. நட்சத்திரம் இருந்தால் லட்சம் என்பது கட்டுக்கதை.

தயவுசெய்து புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். அமிலம் மேல்தோலை அரித்து, அச்சில் பிறந்த பளபளப்பை அழித்துவிடும்; அது திரும்ப வராது. பி.வி.சி. உறையும் வேண்டாம். நாளானால் பச்சைப் பிசுக்கு படியும். பி.வி.சி. கலக்காத மைலார் என்ற பிளாஸ்டிக் உறை போதும்.

வள்ளுவரைக் காசில் ஏற்றும் எண்ணம் 1995-இல் வந்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லீஸ், குறளில் தோய்ந்தவர். அவர் காலத்தில் வள்ளுவர் உருவத்தோடு தங்கக்காசு அடித்ததைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அடையாளம் காட்டினார். அப்போது சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற தங்கக்காசு. 1818-இல் கம்பெனி வெள்ளி ரூபாயை அடிப்படை நாணயம் ஆக்கி, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கைத் தீர்த்தது. தங்கத்தின் காலம் முடிகிற நேரத்தில் வள்ளுவர் தங்கத்தில் ஏறியிருக்கிறார்! அடுத்த ஆண்டே எல்லீஸும் ராமநாதபுரத்தில் இறந்துபோனார்.

இங்கேதான் எனக்கு ஆறாத கோபம். 2009-இல் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு ஐந்து ரூபாய் வந்தது. பஸ் கண்டக்டர் பைக்குள் எழுத்தாளர் கையெழுத்து கிலுகிலுத்தது. 2024 ஆகஸ்ட் 18-இல் வெளியான கலைஞரின் 100 ரூபாய் நாணயமோ 35 கிராம், அதில் பாதி வெள்ளி. பெட்டியில் வைத்து, முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்கிற பொருள் அது. எந்தக் கடைக்காரர் கைக்கு அது வரும்? எழுத்தாளருக்குக் காசு அடிப்பதென்றால் படிக்கிற பிள்ளை பேனா வாங்கக் கொடுக்கிற காசாக அடிக்க வேண்டும். வெள்ளிப் பதிப்பு வேண்டுமானால் கூடவே வரட்டும்.

உங்கள் இரண்டில் தேயாததை உறையில் போட்டு வையுங்கள். மற்றதைச் செலவழியுங்கள். கடைக்காரர் செல்லாது என்றால் விடாதீர்கள், அது இன்றும் செல்லும். அவர் பிடிவாதம் பிடித்தால் வங்கியில் கட்டுங்கள். அங்கே நாணயம் செலுத்த உச்சவரம்பு கிடையாது.