எதற்குப் பதிலாக? – உணவாய்வுகள் குறித்த கேள்வி பதில்

மனிதர்கள் உண்பதை அளக்கும் முறைகளே என் ஆய்வுத்துறை. அதற்குள் அடங்கும் கேள்விகளுக்கு விரிவாகவும், அடங்காதவற்றுக்குச் சுருக்கமாகவும் விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஆயிரக்கணக்கானோர் என்ன உண்கிறார்கள் என்பதை எப்படி அளக்கிறார்கள்? அந்தக் கணக்கை நம்பலாமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலோர் இதைக் கேட்பதேயில்லை. பெரிய ஆய்வுகளில் இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. கடந்த ஓராண்டில் எந்த உணவை எத்தனை முறை உண்டீர்கள் என்று கேட்கும் நீண்ட வினாத்தாள் ஒன்று. நேற்று எழுந்தது முதல் படுக்கும் வரை வாய்க்குள் போனதையெல்லாம் நினைவுகூரச் செய்யும் நேர்காணல் மற்றொன்று. நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது ஒரு தாயாரிடம் முக்கால் மணி நேரம் இந்த நேர்காணலை நடத்தினேன். எல்லாவற்றையும் எழுதி முடித்துத் தாள்களை அடுக்கி எழுந்த பிறகு, “பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்றதையும் சொல்ல வேண்டுமா?” என்று கேட்டார். மறுபடியும் உட்கார்ந்து, எந்தத் தட்டில் எத்தனை கரண்டி மிச்சம் இருந்தது என்று ஒவ்வொன்றாக எழுதினோம். அவர் எதையும் மறைக்கவில்லை; நின்றுகொண்டே தின்றது அவர் மனத்தில் உணவாகப் பதியவேயில்லை, அவ்வளவுதான்.

நினைவைச் சாராத ஒரு வழியும் உண்டு. எடை கூடிய ஹைட்ரஜனும் எடை கூடிய ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அடுத்த சில நாட்களுக்குச் சிறுநீரைச் சோதிப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்திலுள்ள வேறுபாட்டைக் கொண்டு, உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டது என்று கணக்கிடலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேத்தன் லிஃப்சன் எலிகளில் சோதித்த இந்த முறை 1980களில்தான் மனிதர்களுக்கு வந்தது. உடல் எடை மாறாமல் இருக்கும் ஒருவர் எழுதிக்கொடுத்த கலோரிக் கணக்கை இந்த அளவோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் எழுதியது குறைவாகவே இருக்கும். ஆகவே, எந்த உணவுச் செய்தியைப் படித்தாலும், உண்டதை எப்படி அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பால் உடலுக்கு நல்லதா, கெட்டதா?

எதற்குப் பதிலாக? இனிப்பூட்டிய குளிர்பானத்தைக் கைவிட்டுப் பாலுக்கு மாறுபவரும், பருப்பைக் குறைத்துவிட்டுப் பாலைக் கூட்டுபவரும் ஒரே பாலைத்தான் குடிக்கிறார்கள். ஆனால் இருவருக்கும் கிடைக்கும் விளைவு ஒன்றாக இராது. வயிறு ஒன்றுதான் என்பதால், ஓர் உணவு உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போகிறது. அந்த இன்னொன்று எது என்று சொல்லாத ஆய்வு முடிவு பாதி முடிவே.

கேள்வி: பதப்படுத்திய இறைச்சி புகையிலைக்குச் சமம் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு, புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவில்லை. அன்றாடம் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்று கணித்தார்கள். வாழ்நாளில் நூற்றுக்கு ஐவருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்து ஏறத்தாழ ஆறாகும். அது புறக்கணிக்கத்தக்கதன்று, ஆயினும் 18 என்ற எண் மட்டும் தலைப்பில் நிற்கும்போது மனத்தில் எழும் அச்சம் வேறு, இந்தக் கணக்கு வேறு.

கேள்வி: முட்டை நல்லதா, கெட்டதா?

பாலுக்குச் சொன்ன விடையைப் படியுங்கள்.

கேள்வி: மத்தியதரைக்கடல் உணவுமுறை பற்றிய ஸ்பெயின் ஆய்வைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் அல்லவா? பிறகு எதை நம்புவது?

அந்த ஆய்வில் 7,447 பேர் பங்கேற்றனர். 2013இல் முடிவு வெளியாயிற்று. ஆலிவ் எண்ணெயோ கொட்டை வகைகளோ சேர்ந்த அந்த உணவுமுறையைப் பின்பற்றியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாக அது கூறியது. ஆனால் யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கிப்போடுவதுபோல் ஆளாளுக்குத் தனித்தனியே முடிவு செய்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்கள் அனைவரையும் ஒரே குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களையும் சில இடங்களில் சேர்த்தே வைத்தார்கள். இது தெரியவந்ததும் 2018இல் ஆய்வாளர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கை மறுபடி போட்டு வெளியிட்டனர். முடிவின் அளவு பெரிதும் மாறவில்லை. அதை எடுத்துரைத்த சொற்களின் உறுதிதான் தணிந்தது. தவறு வெளிப்பட்டதைக் கண்டு துறையின் மீது நம்பிக்கை இழப்பவர்கள் உண்டு; எனக்கோ நம்பிக்கை கூடியது.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எவ்வளவு மாவுச்சத்து உண்ணலாம்?

உங்கள் மருத்துவரையும், அவர் வழியாக ஓர் உணவியல் வல்லுநரையும் அணுகுங்கள். உங்கள் மருந்துகளை அறியாத நான் சொல்லும் விடை உங்களுக்குத் தீங்காகலாம்.

கேள்வி: ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு மாசு என்று உணவுகளை ஒப்பிடுவது சரியா? கீரைக்குக் கலோரியே இல்லையே!

சரியான ஐயம். எந்த அலகால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசை மாறும். எடையால் வகுத்தால் நீர் மிகுந்த காய்கறிகள் தூய்மையாகத் தெரியும். கலோரியால் வகுத்தால் அவையே பின்னுக்குப் போகும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜோசப் பூரும் சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமெசெக்கும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைத் தரவுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்ட ஆய்வு, புரத உணவுகளைப் புரதத்தால் வகுத்தது. 100 கிராம் புரதத்துக்கு, இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டின் இறைச்சியில் சராசரியாக 50 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான, புவியைச் சூடாக்கும் வளிமம் வெளியாகிறது. பட்டாணியில் அரைக் கிலோவுக்கும் குறைவு.

கேள்வி: அப்படியானால் புரதமே சரியான அலகு என்கிறீர்களா? துத்தநாகமும் பி12 உயிர்ச்சத்தும் எங்கே போயின?

எல்லா உணவுக்கும் பொருந்தும் ஒற்றை அலகு இல்லை என்கிறேன். உண்பவருக்கு எந்தச் சத்து போதவில்லையோ அதுவே அவருக்கான அலகு. புரதம் போதுமான அளவு கிடைப்பவருக்குப் புரதக் கணக்கால் பயனில்லை. இரும்புச்சத்துக் குறைந்த இளம்பெண்ணுக்கு இறைச்சியிலுள்ள இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படும் என்பது பொருட்படுத்த வேண்டிய உண்மை. விலங்குணவை முற்றும் விட்டவர்கள் பி12ஐ மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ தவறாமல் எடுக்க வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

கேள்வி: மேய்ச்சல் நிலம் கார்பனை மண்ணில் சேர்க்கிறதே! மேயும் மாட்டைக் குற்றவாளியாக்குவது முறையா?

முந்தைய விடையைப் படித்த மூவர் இதையே வெவ்வேறு சொற்களில் எழுதியிருக்கிறீர்கள். சேர்த்தே பதில் சொல்கிறேன். மண்ணில் கார்பன் சேர்வது உண்மை. ஆனால் 2017இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த உணவு–தட்பவெப்ப ஆய்வு வலையமைப்பு கணக்கிட்டபோது, நல்ல சூழலிலும் அது மேய்ச்சல் கால்நடைகளின் உமிழ்வில் 20 முதல் 60 விழுக்காட்டையே ஈடுசெய்தது. மண் ஓரளவுக்குமேல் கார்பனை ஏற்காது. சில பத்தாண்டுகளில் நிரம்பிவிடும். மாடோ ஆண்டுதோறும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வளிமத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகப் பயிர் விளையாத புல்வெளியில் மேயும் சிறு மந்தையையும், காட்டை அழித்து உருவான மேய்ச்சல் நிலத்தையும் ஒன்றாக வைத்துப் பேசவும் மாட்டேன். இங்கும் என் கேள்வி அதுவேதான்: அந்த நிலத்தில் மாட்டுக்குப் பதிலாக என்ன இருந்திருக்கும்? காடா, பயிரா, வெறும் புல்லா? இதற்கு விடை சொல்லாமல் இரு தரப்பாரும் வாதிடுவதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

கேள்வி: வெண்ணெய் நல்லதா, கெட்டதா?

எதற்குப் பதிலாக என்று எழுதி அனுப்புங்கள், பதில் தருகிறேன்.

கேள்வி: காய்கறி உண்பவர்களுக்கு நோய் குறைவு என்றால், அந்தச் சத்தையே மாத்திரையாக விழுங்கினால் என்ன?

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கனிகளை உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததால், அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தனர். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் அந்நோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. குறைபாடு உறுதியான சத்துக்கு மாத்திரை மருந்து. ‘இருக்கட்டும்’ என்று விழுங்குவது வேறு.

கேள்வி: அம்மா, நான் இளங்கலை மாணவி. இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

புள்ளியியலையும் உயிர்வேதியியலையும் ஆழமாகப் படியுங்கள். அதற்கு முன், சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, ஏழு நாட்கள் நீங்கள் உண்பது அனைத்தையும் கிராம் கணக்கில் நிறுத்து எழுதுங்கள். தட்டில் மிச்சம் வைப்பதையும் நிறுங்கள். மூன்றாம் நாளில் எழுதச் சோம்பி, நிறுக்க வேண்டாத உணவாகத் தேடத் தொடங்குவீர்கள். அதையும் தேதியிட்டு அதே தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள்.